இணைப்பு அறுந்தாலும் இயங்க வேண்டும்

கணினி படிப்பிக்கும் இடங்களில் பல வருடங்களுக்கு முன்பே ஒரு தீர்ப்பு எழுதி முடிக்கப்பட்டுவிட்டது. 1980களில் பல்கலைக்கழகங்கள் பரவல் பணிசெயல் முறைமைகளை உருவாக்கின. தனித்தனிக் கணினிகளைக் கோத்து ஒரே கணினிபோல இயக்க முயன்ற ஒப்பரேட்டிங் சிஸ்டங்கள் அவை. ஆய்வுகூடத்தில் பிறந்து ஆய்வுகூடத்திலேயே மாண்டவை என்பதுதான் அவற்றின் மீதான தீர்ப்பு. ஜோர்ஜியா டெக்கின் கிளவுட்ஸ், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஈடனும் எமரல்டும், அம்ஸ்டர்டாமின் அமீபா என்ற பெயர்கள் பாடநூலின் ஒரு மூலையில் வரும். பரீட்சைக்கு நாலு வரி பாடமாக்கினால் போதும். அதற்குமேல் அவற்றில் நேரம் செலவழிப்பவர் பிழைக்கத் தெரியாதவர் என்று பேசப்படுகிறது.

இந்தத் தீர்ப்பின் இரண்டாம் பகுதி எங்கள் யாழ்ப்பாணத் தீவகத்தை நேராகத் தொடுகிறது. உலகம் விடையைக் கண்டுவிட்டது, தரவும் செய்நிரலும் எங்கோ ஒரு பெரிய தரவு மையத்தில் இருக்கட்டும், மற்றவர்களுக்கு நல்ல இணைப்பைக் கொடுங்கள் என்கிறார்கள். நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் அனலைதீவுக்கும் அதே மருந்துதான். கோபுரத்தை உயர்த்துங்கள், 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்துவிட்ட ஸ்டார்லிங்க் செய்மதி இணையத்தின் தட்டொன்றை அலுவலகக் கூரையில் பூட்டுங்கள், அத்தோடு வேலை முடிந்தது என்கிறார்கள்.

இரண்டு பகுதிகளும் பிழை. முதலாவது வரலாற்றுப் பிழை. இரண்டாவது, அந்த வரலாற்றை வாசிக்காமல் விட்டதால் வந்த பிழை. ஒவ்வொரு தரவும் எங்கே குடியிருக்க வேண்டும், அதைத் தொட யாருக்கு உரிமை, நடுவிலுள்ள தொடர்பு அறுந்தால் அது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பவையே அந்த ஆய்வாளர்கள் கேட்ட கேள்விகள். மையத்தை மட்டுமே நம்பியவர்கள் இவற்றுக்குப் பதில் சொல்லாமல் தள்ளிப்போட்டார்கள். கடல் சூழ்ந்த ஊருக்கு அப்படித் தள்ளிப்போடும் வசதி கிடையாது.

அந்த முறைமைகள் உண்மையில் என்ன செய்தன என்பதிலிருந்து தொடங்குவோம். தீர்ப்புச் சொல்பவர்களில் பலர் வழக்கையே வாசித்ததில்லை.

கிளவுட்ஸின் அடித்தளத்தை 1980களின் தொடக்கத்தில் ஜோர்ஜியா டெக்கில் ஜிம் ஓல்சினும் மார்ட்டின் மெக்கென்ட்ரியும் இட்டார்கள். பின்னர் பார்த்தா தாஸ்குப்தா, ரிச்சர்ட் லெபிளாங், முஸ்தாக் அகமட், உமாகிஷோர் ராமச்சந்திரன் ஆகியோர் அதன் முதிர்ந்த வடிவத்தை 1991 நவம்பரில் ஐஇஇஇ கம்பியூட்டர் இதழில் விளக்கினார்கள். இன்றைய ‘கிளவுட்’ வியாபாரத்துக்கும் இதற்கும் பெயரில் மட்டுமே ஒற்றுமை. கிளவுட்ஸில் கோப்பு என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. அங்கே எல்லாம் பொருள்கள். ஒரு பொருளுக்குள் தரவும் இருக்கும், அந்தத் தரவின்மீது செய்ய அனுமதிக்கப்பட்ட செயல்களும் இருக்கும். கணினி நின்றாலும் பொருள் அழியாது. வேலையைச் சுமந்துசெல்லும் இழையொன்று ஒரு பொருளுக்குள் நுழைந்து, தேவைப்பட்டால் வேறொரு கணினியிலுள்ள இன்னொரு பொருளுக்குள் போய், வேலையை முடித்துத் திரும்பும். எந்தச் செயல் முழுதாக நடக்க வேண்டும் அல்லது நடக்கவே கூடாது, எந்தச் செயலுக்கு அந்தக் கண்டிப்பு வேண்டியதில்லை என்று செயலுக்குச் செயல் தீர்மானிக்கும் உரிமையைச் செய்நிரலருக்கு அது கொடுத்தது. இந்தக் கடைசிப் பண்பை நினைவில் வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். என் வாதம் முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஈடன் முந்தியது. ஆனால் அதன் பொருள்கள் பாரமானவை, மெதுவானவை. அந்தக் குறையிலிருந்து கற்றுக்கொண்டு அன்ட்ரூ பிளக், நோர்மன் ஹச்சின்சன், எரிக் யூல், ஹென்றி லெவி ஆகிய நால்வரும் எமரல்டை எழுதினார்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பொருளைக்கூட ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் பெயர்க்கலாம் என்று அது செய்து காட்டியது. பொருள் எங்கே இருக்கிறது என்று கேட்கலாம், நகர்த்தலாம், ஓரிடத்தில் ஊன்றி வைக்கலாம், ஊன்றியதை விடுவிக்கலாம். ஒரு பொருள் போகுமிடத்துக்கு அதோடு சேர்ந்த பொருள்களும் போகும்படி ஒட்டி வைக்கலாம்.

அம்ஸ்டர்டாமின் விரிய பல்கலைக்கழகத்தில் அன்ட்ரூ தனன்பாமின் குழு உருவாக்கிய அமீபா வேறொரு பக்கத்தைப் பிடித்தது. பொருளைத் தொடும் உரிமையை அது 128 பிட் கொண்ட ஓர் அனுமதிச்சீட்டாக்கியது. அதில் 48 பிட் சேவையகத்தின் வாயிலையும், 24 பிட் பொருளின் இலக்கத்தையும், 8 பிட் செய்யத்தக்க செயல்களையும் குறிக்கும். மீதி 48 பிட் போலிச்சீட்டைப் பிடிப்பதற்கான சரிபார்ப்பு எண். சீட்டு செல்லுமா என்பதைப் பொருளை வைத்திருக்கும் சேவையகமே கணக்கிட்டுச் சொல்லிவிடும். தலைமையகம் ஒன்றைக் கேட்டுவரத் தேவையில்லை.

இவை விளையாட்டுப் பொம்மைகள் என்று சொல்பவர்கள், இவற்றில் எதை இன்று தங்கள் கையில் வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கட்டும். இலங்கையின் உயர்தர மாணவர் தகவல் தொழில்நுட்பப் பாடத்தில் எழுதும் பைதன் மொழி அமீபாவின் நிழலில் பிறந்தது. நெதர்லாந்தின் தேசியக் கணித, கணினி ஆய்வு நிறுவனத்தில் அமீபா குழுவில் வேலைசெய்த கீடோ வான் ரொசம், அந்த முறைமையை நிர்வகிக்க சி மொழியும் ஷெல்லும் வசதிப்படாததால், 1989 டிசெம்பரில் பைதனை எழுதத் தொடங்கினார். 1991 பெப்ரவரியில் அது வெளியே வந்தது. கிளவுட்ஸைத் தொடக்கிய ஜிம் ஓல்சின் பிறகு மைக்ரோசொப்ட்டுக்குப் போய், 2007இல் ஓய்வுபெறும்வரை விண்டோஸின் வளர்ச்சியை வழிநடத்தியவர்களில் முதன்மையானவராக இருந்தார். ஆய்வுகூடத்திலேயே மாண்டுபோன ஒன்றுக்கு இப்படிப்பட்ட சந்ததி வாய்க்காது.

நல்லவை என்றால் ஏன் வெல்லவில்லை என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சந்தையில் தோற்றதும் கருத்தில் தோற்றதும் ஒன்றென்று எண்ணியே இதைக் கேட்கிறார்கள். 1990களில் புதிய பணிசெயல் முறைமை ஒன்றைக் கொண்டுவருபவர், யுனிக்ஸுக்கும் விண்டோஸுக்கும் எழுதப்பட்ட அத்தனை செய்நிரல்களையும் அதில் ஓட்டிக்காட்ட வேண்டியிருந்தது. உலாவி, அச்சுப்பொறிக்கான நிரல், எழுத்துரு, அலுவலகச் செயலி என்று பட்டியல் ஒவ்வொரு வருடமும் நீண்டது. பத்துப் பட்டதாரி மாணவர்களும் இரண்டு பேராசிரியர்களும் உள்ள குழுவால் அந்தச் சுமையைத் தூக்க முடியாது. பெல் ஆய்வுகூடத்தின் ரொப் பைக் 2000ஆம் ஆண்டு, முறைமை மென்பொருள் ஆய்வு பொருத்தமற்றதாகிவிட்டது என்று கசப்போடு பேசினார். அந்தப் பேச்சின் தலைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, பார்த்தீர்களா, அவர்களே ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்கிறார்கள். அவர் சொன்ன காரணத்தை மறைத்துவிடுகிறார்கள். வெளியிலிருந்து சுமத்தப்பட்ட தரநிலைகளுக்கு இசைந்துபோவதிலேயே தங்கள் உழைப்பின் பெரும்பகுதி கரைந்தது என்பதுதான் அவருடைய குறை. புதுமைக்கு ஆதரவு இல்லாமற்போனதைப் பற்றிய புலம்பலை, புதுமையே வேண்டியதில்லை என்பதற்குச் சாட்சியாக்குவது நேர்மையான வாதமாகாது.

எதிர்த்தரப்பின் மிக வலிய வாதம் வேறு. 1994இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸைச் சேர்ந்த ஜிம் வால்டோவும் மூன்று சகாக்களும் எழுதிய கட்டுரை அது. அருகிலிருக்கும் பொருளையும் தொலைவிலிருக்கும் பொருளையும் ஒரேமாதிரி நடத்தலாம் என்ற கனவே தவறு என்று அவர்கள் நிறுவினார்கள். தொலைவிலிருப்பதை எட்ட நேரம் பிடிக்கும். இங்குள்ள நினைவகத்தைத் தொடுவதுபோல அங்குள்ளதைத் தொட முடியாது. பல வேலைகள் ஒரே நேரத்தில் நடப்பதால் ஒழுங்கு குலையும். எல்லாவற்றிலும் மோசமானது, ஒரு பகுதி இயங்கிக்கொண்டிருக்க மற்றப் பகுதி செத்துக்கிடக்கும் நிலை. இந்தக் குற்றச்சாட்டு சரி. அதைத் தயக்கமின்றி ஏற்கிறேன். நெடுந்தீவிலிருக்கும் கணினிக்கும் கொழும்பிலிருக்கும் கணினிக்கும் நடுவில் கடல் இல்லை என்று பாவனை செய்யும் மென்பொருள் முதல் காற்றிலேயே கவிழும்.

ஆனால் இந்த வாதத்தைக் கையில் எடுப்பவர்கள் அது யாருக்கு எதிராகத் திரும்புகிறது என்று கவனிப்பதில்லை. எமரல்டில் இடம் மறைக்கப்படவில்லை. எங்கே இருக்கிறது என்று கேட்கவும் நகர்த்தவும் ஊன்றவும் அதில் கட்டளைகள் இருந்தன. எட்ட முடியாத பொருளை அழைக்க நேர்ந்தால் என்ன செய்வது என்று எழுதவும் அந்த மொழி இடம் கொடுத்தது. தூரம் இல்லை என்று பாவனை செய்வது இன்றைய மைய முறைதான். பிரதேச செயலகத்து மேசையில் ஓர் உலாவியைத் திறந்துவைத்து, தரவெல்லாம் இங்கேயே இருப்பதுபோலக் காட்டுகிறது. தொடர்பு அறுந்ததும் திரையில் ஒரு வட்டம் சுழல்கிறது. அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த பதில். வால்டோவின் குற்றப்பத்திரிகையை முழுதாக வாசித்தால் முதல் எதிரியாக நிற்கப்போவது இந்தத் திரைதான்.

அடுத்து, மையம் பிரச்சினையைத் தீர்த்துவிட்டது என்ற நம்பிக்கை. 2025 ஒக்டோபர் 20ஆம் திகதி அமேசனின் வட வேர்ஜீனியத் தரவு மையத் தொகுதியில், டைனமோடிபி என்ற தரவுத்தளத்தின் பெயர்முகவரிப் பதிவுகளைத் தானாகப் புதுப்பிக்கும் மென்பொருளில் ஒளிந்திருந்த கோளாறு வெளிப்பட்டது. உலகம் முழுவதும் எத்தனையோ சேவைகள் மணிக்கணக்கில் விழுந்தன. அவற்றைப் பயன்படுத்திய பலருக்குத் தாங்கள் வேர்ஜீனியாவை நம்பியிருப்பதே அன்றுவரை தெரியாது.

எங்கள் நாட்டின் அனுபவம் இன்னும் கசப்பானது. 2023 ஓகஸ்டில் கப்பம் கேட்கும் தீநிரல் ஒன்று இலங்கை அரசின் முகிற் கணிமைத் தளத்தைத் தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்களுக்கு வேறிடத்தில் பிரதி இருக்கவில்லை. அவை போனவை போனவைதான். எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைத்தால் பாதுகாப்பு என்று எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஓரிடத்தில் வைத்தால் ஓரிடத்தில் அழியும் என்பதை அந்த மூன்று மாதக் கடிதங்கள் காட்டின.

இதைவிட முக்கியமான ஓர் உண்மை உண்டு. மையத்தை விற்பவர்கள் தங்கள் வீட்டுக்குள் மையத்தை நம்புவதில்லை. அமேசன் 2007இல் டைனமோ என்ற தன் உள்முறைமையைப் பற்றி வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையை வாசியுங்கள். வாடிக்கையாளர் ஒரு சாமானைத் தன் கூடையில் போடுவது எந்தக் காரணத்துக்காகவும் தடைபடக்கூடாது என்று அவர்கள் முதலில் முடிவெடுத்தார்கள். வட்டு பழுதானாலும், பாதை அறுந்தாலும், ஒரு தரவு மையமே போனாலும் கூடை புதிய பதிவை ஏற்கவேண்டும். பிரதிகள் வேறுபட்டுப் போனால் பிறகு இணைத்துக்கொள்ளலாம். அதாவது கூடை என்ற பொருளுக்கு என்ன குணம் வேண்டும் என்று யோசித்து, அந்தக் குணத்துக்கேற்ப முறைமையைக் கட்டினார்கள். மைக்ரோசொப்ட் ஆய்வுப்பிரிவு ஓர்லீன்ஸ் என்ற தளத்தைக் கட்டியபோதும் இதே திசையில்தான் போனது. அதில் ஒவ்வொரு பொருளும் எப்போதும் இருக்கிறது, எந்தக் கணினியில் இருக்கிறது என்பது நிலையானதல்ல. 2012இல் வந்த ஹாலோ 4 விளையாட்டின் பின்னணிச் சேவைகள் அதன்மேல் ஓடின. மாண்டுபோனதாகச் சொல்லப்படும் கேள்விகள் பணம் படைத்தவர்களின் வீட்டில் நலமாக வாழ்கின்றன. எங்களுக்கு மட்டும் அவை தேவையில்லை என்று சொல்லப்படுகிறது. இணையக் கடையின் கூடைக்குக் கிடைக்கும் மரியாதை நெடுந்தீவு நோயாளியின் கிளினிக் பதிவுக்கு ஏன் கிடைக்கக்கூடாது?

இப்போது தீவகத்துக்கு வருவோம். ஊர்காவற்றுறையும் வேலணையும் புங்குடுதீவும் தாம்போதிகளால் யாழ்ப்பாணத்தோடு இணைந்தவை. குறிகட்டுவான் இறங்குதுறைக்கு அப்பால் தரைப்பாதை இல்லை. நெடுந்தீவுக்குப் படகில் ஒரு மணி நேரம் போகவேண்டும். சோளகம் வீசும் மாதங்களில் அந்தக் கடல் கொந்தளிக்கும், வாடையில் புயல் எச்சரிக்கை வரும். படகு நின்றால் மனிதர் நிற்பதோடு, பழுதுபார்க்கும் ஆளும் உதிரிப்பாகமும் டீசலும் நின்றுபோகும். கோபுரத்தில் ஒரு கருவி பழுதானால் அது திருத்தப்படும் நாளைக் காற்றுத்தான் தீர்மானிக்கும். தொடர்பைக் காற்று மட்டுமே அறுப்பதுமில்லை. 1990இலிருந்து யாழ்ப்பாணக் குடாநாடு ஆண்டுக்கணக்கில் மின்சாரமும் தொலைபேசியும் இல்லாமல் இருந்ததை இங்கே வாழ்ந்த எவரும் மறக்கவில்லை. தொடர்பு என்றும் இருக்கும் என்ற எண்ணம் மற்ற ஊர்களில் வெறும் கவனக்குறைவாக இருக்கலாம். எங்கள் ஊரில் அது வரலாற்றை மறந்ததாகும்.

செய்மதி வந்துவிட்டதே என்பார்கள். வரட்டும், நல்லது. அதை யாரும் எதிர்க்கவில்லை. ஆனால் 2025 ஜூலை 24ஆம் திகதி ஸ்டார்லிங்க் உலகளவில் இரண்டரை மணி நேரம் நின்றுபோனது. வானத்திலிருந்த செய்மதிகளுக்கு ஒன்றும் நடக்கவில்லை. மைய வலையமைப்பை இயக்கும் உள்மென்பொருள் சேவைகள் விழுந்ததே காரணம் என்று அந்த நிறுவனமே அறிவித்தது. புதிய இணைப்பு பழைய இணைப்பைவிடச் சிறந்ததாக இருக்கலாம். அறுந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு அது பதிலாகாது.

இதே தீவுகளில் மின்சாரத்துக்கு என்ன முடிவு எடுக்கப்பட்டது என்று பாருங்கள். நெடுந்தீவும் நயினாதீவும் அனலைதீவும் தேசிய மின்வலையோடு இணையாதவை, அந்தந்தத் தீவின் டீசல் மின்பிறப்பாக்கியில் வாழ்ந்தவை. கடலடியில் கம்பி வரும்வரை காத்திருங்கள் என்று பொறியியலாளர்கள் சொல்லவில்லை. தீவுக்குத் தீவு சூரிய ஒளி, காற்றாலை, பற்றரி, பின்துணைக்கு டீசல் என்று ஒரு கலப்புத் திட்டத்தை வகுத்தார்கள். எழுவைதீவில் அத்தகைய கலப்பு முறை முன்னரே நிறுவப்பட்டிருந்தது. மூன்று தீவுகளுக்குமான திட்டத்துக்கு இந்தியா 11 மில்லியன் டொலர் நன்கொடை தர 2022 மார்ச்சில் உடன்பாடு எழுதப்பட்டது. 2024 மார்ச் முதலாம் திகதி பெங்களூரு நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தம் ஆனது. திட்டத்தின் அளவு 1,700 கிலோவொட் சூரியமின், 530 கிலோவொட் காற்றுமின், 2,400 கிலோவொட் மணி பற்றரி, 2,500 கிலோவொட் டீசல். இந்தத் திட்டத்தை யாரும் பல்கலைக்கழகப் பொம்மை என்று கேலி செய்யவில்லை. தீவு தன் காலில் நிற்கவேண்டும் என்பது மின்சாரத்தில் பொறியியல் என்றால், பிறப்புப் பதிவிலும் மருந்துப் பதிவிலும் மட்டும் எப்படிக் கனவாகிறது?

தரவு மின்சாரம் அல்ல என்ற பதில் உடனே வரும். எந்தத் தீவில் உற்பத்தியானாலும் ஒரு யூனிற் ஒரு யூனிற்தான். ஆனால் ஒரு காணியின் உரிமையாளர் நெடுந்தீவில் ஒருவராகவும் கொழும்பில் இன்னொருவராகவும் இருக்கமுடியாது. பிரதிகள் முரண்பட்டால் பதிவேட்டின் அர்த்தமே போய்விடும். இது கனமான ஆட்சேபம். தொடர்பு அறுந்த நேரத்தில் எல்லாப் பிரதிகளையும் ஒத்திசைவாக வைத்திருக்கவும் எல்லாருக்கும் சேவை செய்யவும் ஒருசேர முடியாது என்று எரிக் புரூவர் 2000ஆம் ஆண்டு முன்வைத்ததை, 2002இல் செத் கில்பர்ட்டும் நான்சி லிஞ்சும் கணித ரீதியாக நிரூபித்தார்கள். அந்த நிரூபணத்தை எவராலும் சுற்றிப்போக முடியாது.

ஆனால் இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்தாக வேண்டும் என்பதிலிருந்து, நாட்டிலுள்ள எல்லாத் தரவுக்கும் ஒரே தெரிவுதான் என்ற முடிவு வராது. கிளவுட்ஸ் தந்த பாடம் இங்கேதான் உயிர்பெறுகிறது. பொருள் தன் விதிகளைத் தன்னோடு சுமந்திருந்தால், பொருளுக்குப் பொருள், செயலுக்குச் செயல் தெரிவு செய்யலாம். காணி கைமாற்றத்துக்குக் கண்டிப்பு வேண்டும். தொடர்பு இல்லாவிட்டால் அது காத்திருக்கட்டும், இரண்டு நாள் தாமதத்தால் யாரும் சாகமாட்டார்கள். நெடுந்தீவு வைத்தியசாலைக்கு இரவில் வரும் நோயாளிக்கு எந்த மருந்து ஒவ்வாது என்ற குறிப்பு காத்திருக்கக்கூடாது. அது தீவிலேயே குடியிருக்க வேண்டும், அங்கேயே எழுதப்பட வேண்டும், தொடர்பு வந்ததும் யாழ்ப்பாணத்துக்குப் போய்ச்சேர வேண்டும். நோயாளியைப் படகில் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பும்போது பதிவும் அவரோடு நகரவேண்டும். எமரல்ட் செய்து காட்டிய பொருட்பெயர்ச்சி இதுதான். பதிவைத் திறக்க வைத்தியருக்கும் தாதிக்கும் உள்ள உரிமையைத் தீவின் சேவையகமே சரிபார்க்க வேண்டும். அமீபாவின் அனுமதிச்சீட்டு அதற்கான வழி. நெடுந்தீவில் நடந்த பிறப்பை முதலில் எழுதப்போவது நெடுந்தீவுதான். அதோடு போட்டிபோட்டு அதே பிறப்பைக் கொழும்பில் யாரும் எழுதப்போவதில்லை.

முரண்பாடு எவ்வளவு அரிது என்பதற்கு அளந்த கணக்கே இருக்கிறது. சென்னை ஐஐடியில் படித்துக் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்குப் போன மகாதேவ் சத்தியநாராயணன், ஜேம்ஸ் கிஸ்லரோடு சேர்ந்து கோடா என்ற பரவல் கோப்பு முறைமையில் இதை ஆராய்ந்தார். தொடர்பு இருக்கும்போது தேவையானதைச் சேர்த்துவை, அறுந்தபின் உள்ளதைக்கொண்டு வேலைசெய், மீண்டதும் ஒன்றிணை என்பதே கோடாவின் நடைமுறை. அவர்கள் ஆராய்ந்த பயன்பாட்டில், மாற்றங்களில் 99 வீதத்துக்கு மேல் அதே கோப்பை முன்பு மாற்றியவராலேயே செய்யப்பட்டவை. ஒரே கோப்பை இரண்டு பேர் ஒரு நாளுக்குள் மாற்றும் வாய்ப்பு 0.75 வீதத்தைத் தாண்டவில்லை. எங்கள் அலுவலகப் பதிவுகளின் கணக்கு வேறாக இருக்கலாம். அப்படியென்றால் அதை அளப்பது எங்கள் கடமை. அளக்காமலே முடியாது என்று சொல்வதற்கு யாருக்கும் உரிமையில்லை. அதே சத்தியநாராயணன் 2009இல் மூன்று சகாக்களோடு சேர்ந்து, பயனருக்கு அருகிலேயே சிறிய கணிமை நிலையங்களை வைக்கவேண்டும் என்று எழுதினார். இன்று விளிம்புக் கணிமை என்ற பெயரில் உலகம் முழுவதும் விலைபேசப்படுவது அந்தச் சிந்தனைதான்.

கடைசியாக, இதை யார் கட்டுவது, யார் பராமரிப்பது என்று கேட்கிறார்கள். உப்புக்காற்றில் இரும்பே கரைகிறது, அங்கே சேவையகம் எத்தனை நாள் நிற்கும் என்கிறார்கள். தீவிலுள்ள ஒரே ஒரு கணினியை நம்புவதும் ஒரு மையத்தை நம்புவதுதான். அதனால்தான் பிரதிகள் வேண்டும். நெடுந்தீவின் பதிவுகளுக்கு வேலணையிலும் யாழ்ப்பாணத்திலும் பிரதி, நயினாதீவின் பதிவுகளுக்கு நெடுந்தீவிலும் யாழ்ப்பாணத்திலும் பிரதி என்று ஒன்றுக்கொன்று காவலாக அமைத்தால், ஒரு கணினி கரைந்தாலும் பதிவு கரையாது. கொழும்பிலும் ஒரு பிரதி இருக்கட்டும். மையத்தை இடித்துத்தள்ளச் சொல்லவில்லை. மையம் பலவற்றுள் ஒன்றாக நிற்கவேண்டும் என்கிறேன்.

கட்டுவதற்கு எங்களுக்குத் திறன் இல்லை என்ற வாதம் வெட்கப்படவேண்டிய வாதம். 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர் இலங்கையின் தன்னார்வலர்கள் காணாமற்போனோரையும் முகாம்களையும் உதவிப்பொருள்களையும் பதிவுசெய்ய சகானா என்ற கட்டற்ற மென்பொருளை எழுதினார்கள். அடுத்த ஆண்டே பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும், பின்னர் 2010இல் ஹெய்ட்டியிலும் அது பயன்பட்டது. இடிந்த கரையில் நின்றுகொண்டு இந்த நாடு உலகத்துக்கு ஒரு முறைமையைக் கொடுத்திருக்கிறது. 1974இலிருந்து யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகம் இருக்கிறது, கிளிநொச்சி அறிவியல்நகரில் அதன் பொறியியற் பீடம் இருக்கிறது. நாலு தீவு, சில ஆயிரம் குடும்பங்கள், சில அலுவலகங்கள், ஒரு கடல். பரவல் முறைமையைக் கட்டிச் சோதிக்க இதைவிடப் பொருத்தமான களம் எங்கே இருக்கிறது? மாணவர்களின் இறுதியாண்டுச் செயற்றிட்டங்கள் இன்னுமொரு கடைச்செயலியாகவே முடியவேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

ஆகவே இரண்டு கோரிக்கைகள். ஆசிரியர்களிடம்: கிளவுட்ஸையும் எமரல்டையும் அமீபாவையும் இறந்தவர் பட்டியலாக வாசிக்காதீர்கள். அவர்கள் கேட்ட கேள்விகளை நெடுந்தீவின் வைத்தியசாலையையும் நயினாதீவின் பதிவாளரையும் வைத்து மாணவர்களிடம் மீண்டும் கேளுங்கள். அரசிடமும் அதற்கு மென்பொருள் விற்பவர்களிடமும்: தீவகத்துக்கென வாங்கப்படும் ஒவ்வொரு முறைமைக்கும் கேள்விப்பத்திரத்தில் ஒரு நிபந்தனை சேருங்கள். மூன்று நாள் தொடர்பு அறுந்திருந்தால் இந்த முறைமையின் எந்தெந்தச் சேவை தீவில் நடக்கும், எது காத்திருக்கும், தொடர்பு மீண்டதும் எப்படி ஒன்றிணையும் என்று விற்பவர் எழுத்தில் சொல்லவேண்டும். கம்பியைப் பிடுங்கிவிட்டு நெடுந்தீவிலேயே அதை இயக்கிக்காட்டவும் வேண்டும். சொல்ல முடியாதவருக்கும் காட்ட முடியாதவருக்கும் ஒப்பந்தம் கிடையாது. இந்தச் சோதனையில் தேறும் முறைமை எதுவோ, அது கிளவுட்ஸ் குழுவும் எமரல்ட் குழுவும் நாற்பது வருடங்களுக்கு முன் தொடங்கிய வேலையின் தொடர்ச்சியாகவே இருக்கும். அந்த வேலை தோற்றுவிட்டது என்று சொல்பவர்கள், தங்கள் திரையிலே சுழலும் வட்டத்துக்கு நெடுந்தீவு மக்களிடம் பதில் சொல்லட்டும்.